வடிவின் பின்னால் நடந்த பெஞ்சு

ஒரு புதன்கிழமை மத்தியானம், வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்த நேரத்தில், நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியின் குழந்தைகள் பகுதியிலிருந்து சுடலைவடிவு தன் மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு வெளியே நடந்தபோது, சிறுநீரக டாக்டரின் அறைக்கு வெளியே கிடந்த நீளப் பெஞ்சும் எழுந்து அவள் பின்னாலேயே வந்தது. அதன்மேல் பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தவர்கள் யாரும் இறங்கவில்லை. இறங்குவதற்கு அவர்களுக்கு என்ன பைத்தியமா? பெஞ்சை விட்டு எழுந்தால் வரிசை போய்விடும் என்பது அந்த ஆஸ்பத்திரியில் பால்குடிக்கிற பிள்ளைக்கும் தெரிந்த சட்டம்.

சட்டத்தைப் போட்டவர் அறை வாசலில் நிற்கிற தொம்மை. அதற்கு முன்னால் ஜனங்கள் பையை வைத்து இடம்பிடித்தார்கள், தண்ணீர் பாட்டிலை வைத்து இடம்பிடித்தார்கள், செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார்கள், திரும்பி வந்து என் செருப்புதான் உன் தூக்குவாளிக்கு முன்னால் இருந்தது என்று சொல்லி முடியைப் பிடித்துக்கொண்டு உருண்டார்கள். ஒரு நாள் தொம்மை ஒரு ஸ்டூல்மேல் ஏறி நின்று, "இனிமே பை கெடையாது, செருப்பு கெடையாது, துண்டு கெடையாது. உடம்பு பெஞ்சுல இருக்கணும். உடம்பு இருந்தா வரிசை இருக்கு, எந்திரிச்சா கடைசிக்குப் போ" என்று அறிவித்துவிட்டார். அன்றிலிருந்து பெஞ்சுதான் வரிசை, வரிசைதான் பெஞ்சு. கதவோரம் இருப்பவர் உள்ளே போனதும் மற்றவர்கள் பிட்டத்தைத் தேய்த்துக்கொண்டே ஒரு ஆள் இடம் நகர்வார்கள், கடைசியில் காலியான இடத்தில் புதிதாக ஒரு தாயும் பிள்ளையும் வந்து ஒட்டிக்கொள்வார்கள். இப்படி நகர்ந்து நகர்ந்து அந்தப் பலகை கண்ணாடிபோல் வழுவழுத்துப் போயிருந்தது.

உள்ளே இருந்தவர் டாக்டர் சந்தானகோபால். நல்ல டாக்டர்தான், கைராசிக்காரர் என்று பேர் வாங்கியவர்தான், அதில் ஒரு குறையும் சொல்வதற்கில்லை. ஆனால் புதன்கிழமை மட்டும் வருவார், வெயில் உச்சிக்கு ஏறும்போது கிளம்பிவிடுவார், வேறு ஊர் ஆஸ்பத்திரியில் வேறு ஒரு பெஞ்சு அவருக்காகக் காத்துக்கொண்டிருக்கும். இத்தனை பிள்ளைகளின் சிறுநீரகத்தை எல்லாம் ஒரே ஒரு மனிதரிடம், வாரத்தில் ஒரே ஒரு காலைப்பொழுதில் ஒப்படைத்த புண்ணியவான்கள் யாரோ, அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் அந்தப் பலகையில் ஒரு நாளும் உட்கார்ந்திருக்காது.

வடிவின் மகள் உத்ரா அப்போது ஒன்றாம் வகுப்பில் பேர் மட்டும் உள்ள பிள்ளை. காலையில் எழுந்தால் முகம் பணியாரமாக உப்பியிருக்கும், கண் இடுங்கிப் போயிருக்கும், ஒண்ணுக்குப் போனால் கொஞ்சமாக, நுரை நுரையாகப் போகும். மாத்திரை கொடுத்தால் வடியும், மாத்திரையைக் குறைத்தால் மறுபடி வீங்கும். கடைசியாக வீங்கியபோது மாத்திரைக்கும் வடியவில்லை. ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருந்த சின்ன டாக்டரம்மா வடிவின் கையைப் பிடித்துக்கொண்டு, "இதுக்கு மேல மருந்து மாத்தணும்மா, அதைப் பெரிய டாக்டர்தான் முடிவு பண்ணணும், எப்படியாவது அவரைப் பாத்துருங்க" என்றாள். மற்ற நாட்களில் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினால் அங்கே இருந்தவர்கள் ஒரு ஊசி போட்டு, புதன்கிழமை வா என்று அனுப்பினார்கள். உப்பு கூடாது, ஒரு கல் உப்புகூடக் கூடாது என்றார்கள் எல்லாரும். வடிவு அளத்துக்குடியில் உப்பளத்தில் வேலை பார்ப்பவள். பகல் முழுக்க உப்பில் நின்று, உப்பை வாரி, கண்ணிமையில்கூட உப்புப் படிந்து வீட்டுக்கு வந்து, கைகாலைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டு, உப்பில்லாத கஞ்சியை மகளுக்கு ஊட்டினாள்.

எத்தனையோ புதன்கிழமைகள் அவள் அந்தப் பெஞ்சில் நகர்ந்தாள். ஒரு தடவை உத்ரா வாந்தியெடுத்தாள், கழுவப் போய் வந்தபோது இடம் போயிருந்தது. இன்னொரு தடவை பக்கத்துப் பிள்ளை மடியிலிருந்து விழப்போனதைப் பாய்ந்து பிடித்தாள், எழுந்ததாகக் கணக்காகிவிட்டது. அந்தப் புதன்கிழமை அவள் எதற்கும் எழவில்லை. கால் மரத்துப்போனது, எழவில்லை. தாகம் நாக்கை ஒட்டவைத்தது, எழவில்லை. நகர்ந்து நகர்ந்து பெஞ்சின் முதல் நுனிக்கு, கதவின் கைப்பிடி கைக்கு எட்டுகிற இடத்துக்கு வந்தபோது, உள்ளே டாக்டர் பையை மூடுகிற சத்தம் கேட்டது.

"அடுத்த புதன் வாம்மா" என்றார் தொம்மை.

"அடுத்த புதன் வந்தா இதே எடத்துல இருந்து தொடங்குவீயளா?"

"அதெப்படி? எந்திரிச்சுப் போனா வரிசை போச்சுல்லா."

"அப்ப நான் எந்திரிக்கல."

"கேட்டைப் பூட்டணும்மா. பிள்ளையை வச்சுக்கிட்டு எந்திரிக்காம எப்படி வீட்டுக்குப் போவ?"

வடிவுக்குப் பயமாக இருந்தது. மகள் கையில் நாளுக்கு நாள் கனத்துக்கொண்டே போவது தண்ணீரின் கனம் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் பயத்தைவிடக் கோபம் பெரிதாக இருந்தது, கோபத்துக்கு அப்போது அவளிடம் வேறு வேலை கொடுக்க எதுவும் இல்லை.

"எந்திரிக்காமலே போறேன்" என்று சொல்லிவிட்டு நடந்தாள். பெஞ்சு அவள் முழங்காலுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டபடியே புறப்பட்டது.

தொம்மை நியாயமான மனிதர். தலையைச் சொறிந்தார், பெஞ்சின் விளிம்பு அவள் சேலையைத் தொட்டுக்கொண்டிருக்கிறதா என்று குனிந்து பார்த்தார், தொட்டுக்கொண்டுதான் இருந்தது. "சட்டப்படி சரிதான்" என்று சொல்லி கேட்டை அகலமாகத் திறந்துவிட்டார்.

அவளுக்கு அடுத்த இடத்தில் பாத்திமுத்து தன் மகன் ரிஸ்வானோடு உட்கார்ந்திருந்தாள். அதற்கடுத்து ஆட்டோ ஓட்டுகிற ஜெகவீரன், நெஞ்சில் தூங்குகிற கைக்குழந்தையோடு. அவர் ஆட்டோ ஆஸ்பத்திரி மரத்தடியிலேயே நின்றுபோனது. வடிவு நடந்தால் பெஞ்சு நடந்தது, நின்றால் நின்றது. உட்கார்ந்து பார்த்தாள், அதுவும் நின்றுவிட்டது. மற்றவர்களைச் சுமக்கும், அவளைச் சுமக்காது, அவள் பின்னால் வர மட்டும்தான் அதற்குத் தெரிந்தது. ஆகவே பஸ் வேண்டாம் என்று முடிவு செய்து, உத்ராவைப் பாத்திமுத்துவின் இன்னொரு தொடையில் உட்காரவைத்துவிட்டு, கடற்கரைச் சாலையில் இரண்டு பக்கமும் உப்புக் குவியல்கள் மின்ன நடந்தாள். வழியில் அவளுக்குத் தெரிந்த கண்டக்டர் பஸ்ஸிலிருந்து எட்டிப் பார்த்து, "ஏக்கா, ஏன் நடந்து போறிய?" என்று கேட்டார். பின்னால் வருகிற பெஞ்சைப் பார்த்ததும், "ஓ, வரிசையில இருக்கியளா" என்று விசிலை ஊதிவிட்டுப் போனார்.

அளத்துக்குடி அந்தப் பெஞ்சை எப்படி எடுத்துக்கொண்டது என்பதைக் கேட்க வேண்டும். முதல் நாள் மாலை எல்லாரும் வந்து பார்த்தார்கள். தேக்குதான் என்று ஒரு கட்சி, இல்லை, வேங்கை என்று ஒரு கட்சி. உப்பு லாரியில் கர்நாடகம் போயிருந்த வடிவின் புருஷன் கொம்பையா போனில் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "மழை வந்தா நனையாம உள்ள எடுத்துப் போடுங்க" என்று மட்டும் சொன்னான், அப்புறம் மகள் ஒண்ணுக்குப் போனாளா என்று கேட்டான், கொஞ்சம் போனாள் என்றதும் எவ்வளவு கொஞ்சம் என்று கேட்டான். மறுநாள் காலையில் வடிவு அளத்துக்குப் போக, பெஞ்சும் போய் வரப்பின்மேல் நின்றது. கங்காணி வந்து, வேலை நேரத்தில் உட்காருவதா என்று கத்தினார்.

"உக்காந்திருக்கது அவுக. நான் நின்னுதானய்யா வாருதேன்" என்றாள் வடிவு. கங்காணி ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, வரப்பு கரைந்துவிடாமல் நாலு காலுக்கும் கல் வைக்கச் சொன்னார்.

பெஞ்சில் இருந்தவர்களுக்கு அவரவர் வீட்டிலிருந்து ஆள் மாற்றி ஆள் வந்தது. பாத்திமுத்துவின் நாத்தனார் வந்து உட்கார்ந்தால் பாத்திமுத்து குளித்துவிட்டு வந்தாள். ஜெகவீரனின் மனைவி உட்கார்ந்தால் ஜெகவீரன் கால் நீட்டிப் படுத்தார். டீக்கடைக்காரர் அடுப்பை எடுத்து வந்து வடிவின் வீட்டு முன்னால் போட்டுக்கொண்டார். ஆஸ்பத்திரிப் பெஞ்சு ஊருக்கே வந்துவிட்டது, அதில் உட்கார்ந்தால் வரிசையில் இருப்பதாகத்தான் அர்த்தம் என்ற சேதி பரவ, எங்கெங்கிருந்தோ வீங்கிய முகங்களோடு பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்து கடைசி நுனியில் உட்கார்ந்தார்கள். ஆஸ்பத்திரியில் விளக்கு வெளிச்சத்தில் முகம் பார்க்காமல் நகர்ந்தவர்கள் இங்கே வேப்பமரத்தடியில் யார் பிள்ளைக்கு என்ன மாத்திரை, எந்த மாத்திரைக்குப் பசி எடுக்கும், எதற்கு எரிச்சல் வரும், உப்பில்லாத குழம்பில் எலுமிச்சையைப் பிழிந்தால் பிள்ளை சாப்பிடும் என்றெல்லாம் பேசிக்கொண்டார்கள். இடம் போதவில்லை என்றால் கொஞ்சம் நகருங்க என்றார்கள். கொஞ்சம் நகருங்க என்று சொல்லி நகராத பெஞ்சு நம் பக்கத்தில் ஏது?

ஊராட்சித் தலைவர் வந்து, பெஞ்சின் முதுகில் உபயம் என்று தன் பேரை எழுதிக்கொள்ளலாமா என்று கேட்டார். ஆஸ்பத்திரிக்குப் போய் அங்கே ஒரு டாக்டரை உபயம் பண்ணுங்க, அவர் முதுகில் எழுதிக்கொள்ளுங்க என்று பாத்திமுத்து சொன்னதும் அந்தப் பேச்சு நின்றது. வெள்ளிக்கிழமை யாரோ பெஞ்சின் காலுக்கு மஞ்சள் துணி கட்டி, குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழத்தை நசுக்கிவைத்திருந்தார்கள். இன்னொருவர் மெழுகுவர்த்தி ஏற்றியிருந்தார். வடிவு மஞ்சள் துணியை அவிழ்த்தாள், மெழுகுவர்த்தியை ஊதி அணைத்தாள்.

"இது சாமியும் இல்ல, பேயும் இல்ல. ஆஸ்பத்திரி பெஞ்சு. நாங்க டாக்டரைப் பாக்கக் காத்துக் கெடக்கோம். அதுல கும்பிடுறதுக்கு என்ன இருக்கு? கும்பிட்டுக் கும்பிட்டுத்தானே இந்த நெலமைக்கு வந்திருக்கோம்" என்றாள். அவ்வளவு உரத்து அவள் பேசி ஊர் கேட்டதில்லை. மஞ்சள் துணி கட்டிய கிழவர் மெல்ல வந்து, தன் பேரனுக்கும் முகம் வீங்குகிறது, கடைசி நுனி எது என்று கேட்டார்.

செவ்வாய்க்கிழமை தொம்மை ஒரு வேனோடு வந்து இறங்கினார். அரசாங்கச் சொத்து அளத்துக்குடியில் கிடக்கிறது என்று மேலே யாரோ கேட்டிருக்கிறார்கள். வேனின் பின்கதவைத் திறந்துவைத்து, நாலு பேரைக் கூட்டித் தூக்கச் சொன்னார். பெஞ்சு அசையவில்லை. வடிவு போய் வேனில் ஏறினால்தான் அது ஏறும், வடிவு ஏறவில்லை. தொம்மை வியர்வையைத் துடைத்துக்கொண்டு, கடைசி நுனியில் ஒரு ஓரமாக உட்கார்ந்தார். அத்தனை வருஷத்தில் அவர் அதில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"என்னம்மா இவ்வளவு கட்டியா இருக்கு?" என்றார்.

"அதுல உக்காந்துதான் பாக்கணும் அண்ணாச்சி" என்றார் ஜெகவீரன்.

தொம்மை வடிவின் மடியில் கிடந்த உத்ராவைப் பார்த்தார். வயிறு மேளமாகியிருந்தது. கண் இரண்டும் கோடாகியிருந்தன. காலையிலிருந்து பிள்ளை ஒண்ணுக்கே போகவில்லை. சின்ன டாக்டரம்மா வந்து பார்த்துவிட்டு, நாளைக்கு விட்டால் நாள் இல்லை, அவர் காலில் விழுந்தாவது காட்டிவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். தொம்மை சொல்லக்கூடாத சேதியைச் சொல்லிவிடத் தீர்மானித்தவர்போல், "நாளைக்குப் பெரிய டாக்டர் வந்த உடனே கெளம்பிருவாரு. மேலிடத்துக் கூட்டமாம். அங்க பெஞ்சு இல்லன்னு வாசல்ல பிளாஸ்டிக் சேர் போட்டிருக்காவ. அதுதான் வரிசையாம் இனிமே" என்றார்.

பெஞ்சிலிருந்து ரிஸ்வான், "அப்ப நாம எதுல உக்காந்திருக்கோம்?" என்று கேட்டான்.

வடிவு எழுந்து சேலையை இழுத்துச் செருகினாள். "நான் யார் கால்லயும் விழ மாட்டேன்" என்றாள். "விழுந்தா எந்திரிக்க நேரமாகும்."

மறுநாள் கிழக்கு வெளுக்கும்போதே அவர்கள் கிளம்பினார்கள். முன்னால் வடிவு, பின்னால் பெஞ்சு, பெஞ்சின்மேல் மடிக்கு மேல் மடியாகத் தாய்களும் தகப்பன்களும் பிள்ளைகளும், முதல் நுனியில் பாத்திமுத்துவின் மடியில் உத்ரா, பக்கத்தில் கூடவே நடந்து வருகிற உப்பளத்துச் சனம். அளத்துக்குப் போகிறவர்கள் வழிவிட்டு நின்றார்கள். சிலர் பாத்திரத்திலிருந்து உப்பில்லாத இட்லியை எடுத்து மடியில் வைத்தார்கள். முந்தின ராத்திரியே எந்த வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்று எப்படிச் சேதி போயிற்றோ தெரியாது.

ஆஸ்பத்திரியில் தொம்மை சொன்னபடி வாசலில் வெள்ளை வெளேரென்று பிளாஸ்டிக் சேர்கள் கிடந்தன. அவற்றில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு புது ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். பெஞ்சைக் கண்டதும் அவர்களில் ஒருத்தி எழுந்து, "நாங்க விடியக் கருக்கல்ல இருந்து இருக்கோம்" என்று சண்டைக்குத் தயாரானாள்.

"நாங்க போன புதன்ல இருந்து இருக்கோம்" என்றாள் பாத்திமுத்து.

வடிவு இரண்டு பேருக்கும் நடுவில் வந்து நின்றாள். "தாயி, உன் பிள்ளைக்கும் என் பிள்ளைக்கும் ஒரே சீக்கு. நாம முடியப் பிடிச்சுக்கிட்டு உருண்டா உள்ள இருக்கவருக்கு நேரம் மிச்சம். நீயும் வா, இதுல ஏறு" என்றாள். அந்தப் பெண் ஒரு கணம் வடிவின் முகத்தைப் பார்த்தாள், மகனைத் தூக்கிக்கொண்டு வந்து ஏறினாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் ஏறினார்கள். சேர்கள் காலியாகிக் காற்றில் ஒன்றிரண்டு சாய்ந்தன.

அப்போதுதான் கதவு திறந்து டாக்டர் பையும் கையுமாக வெளியே வந்தார்.

"சார், என் பிள்ளையைப் பாருங்க" என்றாள் வடிவு.

"அவசரக் கூட்டம்மா. அடுத்த புதன்கிழமை முதல் ஆளா பார்க்கிறேன்."

"அடுத்த புதன் இவ இருக்க மாட்டா சார்."

அவர் அதைக் காதில் வாங்கினாரோ, தினமும் இப்படி எத்தனை பேர் சொல்கிறார்கள் என்று நினைத்தாரோ, தலையை ஆட்டிக்கொண்டே நடந்தார். வடிவு வழிமறிக்கவில்லை.

"நீங்க நடங்க சார். நாங்களும் வாறோம்" என்றாள்.

அவர் நடந்தார், அவள் நடந்தாள், பெஞ்சு நடந்தது. அவர் வேகமாக நடந்தார், அவளும் வேகமாக நடந்தாள், பெஞ்சின் இரும்புக் கால்கள் மொசைக் தரையில் டங் டங்கென்று விழ மருந்து கொடுக்கிற ஜன்னலில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள், எக்ஸ்ரே எடுக்க நின்றவர்கள் சுவரோடு ஒட்டி வழிவிட்டார்கள், ஒரு நர்ஸ் மட்டும் ஈரத் தரை, வழுக்கும் என்று பெஞ்சை எச்சரித்தாள். டாக்டர் போர்ட்டிகோவுக்கு வந்து, காரின் கதவைத் திறந்து, ஒரு காலை உள்ளே வைத்துத் திரும்பிப் பார்த்தார். எதிரே பெஞ்சு நின்றது, பெஞ்சு நிறைய முகங்கள்.

"இது என்ன?" என்று கேட்டார். ஒரு வாரத்தில் அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள் அவர்தான்.

"வரிசை சார்" என்றார் தொம்மை.

டாக்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அவர் கண் பாத்திமுத்துவின் மடிக்குப் போய்விட்டது. என்ன இருந்தாலும் டாக்டர் அல்லவா, வீங்கிய பிள்ளையைக் கண்ட கை சும்மா இருக்காது. காலை வெளியே எடுத்து வைத்துக் குனிந்து, உத்ராவின் கணுக்காலுக்கு மேல் கட்டைவிரலால் அழுத்தினார். அழுத்திய இடம் குழியாகி, குழி அப்படியே நின்றது. வயிற்றைத் தட்டிப் பார்த்தார். அவர் முகம் மாறியதை எல்லாரும் பார்த்தார்கள்.

"கடைசியா எப்போ யூரின் போனா?"

"முந்தாநாள் ராத்திரி சார்."

"இதை ஏம்மா இவ்வளவு நாள் விட்டீங்க?"

வடிவு அவர் முன்னால் வந்து நின்றாள். "நான் விடல சார். நீங்கதான் விட்டீய. நான் ஒவ்வொரு புதனும் உங்க கதவுக்கு வெளிய இந்தப் பலகையிலதான் இருந்தேன். ஒரு கதவு சார். இடையில ஒரே ஒரு கதவு."

டாக்டர் நிமிர்ந்து, "மாடிக்கு வார்டுக்குத் தூக்குங்க, உடனே, இப்பவே" என்றார்.

வடிவு மகளை வாரித் தோளில் போட்டுக்கொண்டு ஓர் அடி எடுத்து வைத்தாள், பெஞ்சும் ஓர் அடி எடுத்து வைத்தது, அவள் நின்றுவிட்டாள். பின்னால் திரும்பிப் பார்த்தாள். ரிஸ்வான், ஜெகவீரனின் கைக்குழந்தை, கிழவரின் பேரன், பிளாஸ்டிக் சேரிலிருந்து நம்பி ஏறி வந்த பிள்ளைகள். அவள் போனால் பெஞ்சு போய்விடும், இவர்கள் இறங்கினால் வரிசை போய்விடும், அவர் காரில் ஏறிவிடுவார்.

"நீ போ புள்ள. எங்களைப் பாக்காத" என்றாள் பாத்திமுத்து.

"பாக்காம எப்படிப் போறது?" என்று அழுதுவிட்டாள் வடிவு. தோளில் மகள் மூச்சு வாங்குவது காதுக்குள் கேட்டது. ஆனால் கண்ணைத் துடைத்தது அவள்தான், டாக்டரிடம் திரும்பியதும் அவள்தான். "சார், நான் நடந்தா இது கூட வரும். நீங்களும் வாங்க. நடந்துக்கிட்டே ஒவ்வொரு பிள்ளையா பாருங்க. என் பிள்ளையையும் விட மாட்டேன், இவுக பிள்ளைகளையும் விட மாட்டேன்."

டாக்டரின் பையில் போன் அடித்தது. அவர் அதை அணைத்தாரா, அதுவாக நின்றதா என்பதில் அளத்துக்குடியில் இன்றைக்கும் இரண்டு கருத்து உண்டு. அவர் கார் கதவைச் சாத்தினார் என்பதில் மட்டும் ஒரே கருத்து.

அப்புறம் நடந்ததை அந்த ஆஸ்பத்திரியில் அன்று இருந்த எல்லாரும் பார்த்தார்கள். சாய்தளத்தில் வடிவு மகளைத் தூக்கிக்கொண்டு ஏறினாள், பெஞ்சு ஏறியது, பெஞ்சின் பக்கவாட்டில் டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை மாட்டிக்கொண்டு ஒட்டி ஒட்டி நடந்தபடியே ரிஸ்வானின் முதுகில் வைத்துக் கேட்டார், கைக்குழந்தையின் கண்ணை விரித்துப் பார்த்தார், தொம்மை அவர் சொல்லச் சொல்ல மருந்தின் பேரைத் திருப்பிச் சொல்லிக்கொண்டு ஓடினார், ஒரு பிள்ளையைப் பார்த்து முடித்ததும் பெஞ்சில் இருந்தவர்கள் வழக்கம்போல் பிட்டத்தைத் தேய்த்துக்கொண்டு நகர்ந்தார்கள்.

"கொஞ்சம் மெதுவாப் போம்மா" என்றார் டாக்டர் மூச்சிரைக்க.

"மெதுவாப் போக மாட்டேன் சார். நீங்க வேகமாப் பாருங்க" என்றாள் வடிவு திரும்பாமல்.

வார்டில் கதவோரக் கட்டிலில் உத்ராவைப் படுக்கவைத்தார்கள். கட்டிலுக்கு ஒரு ஆள்தான் என்று வார்டு நர்ஸ் ஆரம்பித்தாள், உள்ளே பாதி வெளியே பாதியாக நிற்கிற பெஞ்சைப் பார்த்துவிட்டு, சத்தம் போடாமல் இருந்தால் சரி என்று முடித்தாள். ஊசி குத்தி, பாட்டிலைத் தொங்கவிட்டார்கள். டாக்டர் வடிவிடம் ஒளிக்காமல் சொன்னார்: "இந்த மருந்து ஏறினதும் பிள்ளை யூரின் போகணும்மா. போயிட்டா பிழைச்சுக்குவா, மத்ததைப் பாத்துக்கலாம். சாயந்திரம் வரைக்கும் போகலைன்னா..." என்று நிறுத்தினார்.

"போவா" என்றாள் வடிவு. கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

டாக்டர் வராந்தாவுக்குப் போய் மிச்சமிருந்த பிள்ளைகளைப் பார்த்தார். கடைசிப் பிள்ளையைப் பார்த்து முடித்தபோது மத்தியானம் சாய்ந்திருந்தது. எல்லாரும் பார்த்தாகிவிட்டது, மருந்து கிடைத்தாகிவிட்டது, இனிமேல் வரிசை போனாலும் பாதகமில்லை. யாரும் இறங்கவில்லை. டாக்டர் நின்றுகொண்டே இருந்தார், கூட்டம் எப்போதோ முடிந்திருக்கும். "நகந்து உக்காருங்க, சாருக்கு எடம் விடுங்க" என்றாள் பாத்திமுத்து. அவரும் கடைசி நுனியில் உட்கார்ந்தார். பாட்டிலில் சொட்டு விழுந்தது, விழுந்தது. வெயில் ஜன்னல் கம்பியைத் தாண்டித் தரைக்கு வந்து, தரையைத் தாண்டிச் சுவரில் ஏறியது. ஒன்றும் நடக்கவில்லை. நர்ஸ் வந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கிக்கொண்டு போனாள். டாக்டர் எழுந்து வந்து கட்டிலண்டை குனிந்து பார்த்தார், திரும்பப் போய் உட்கார்ந்தார், மறுபடி வந்தார், கடைசியில் நடக்கச் சோம்பல்பட்டவர்போல் மற்றவர்களைத் தாண்டி முதல் நுனிக்கே வந்து உட்கார்ந்துகொண்டார். தொம்மை அதைப் பார்த்தும் ஒன்றும் சொல்லவில்லை.

"அம்மா" என்றாள் உத்ரா.

"என்ன தங்கம்?"

"ஒண்ணுக்கு வருது."

பெஞ்சு முழுக்க நிமிர்ந்தது. நர்ஸ் பாத்திரத்தோடு ஓடி வந்தாள். உத்ரா கட்டிலில் போக மாட்டேன் என்றாள், செத்தாலும் எல்லாருக்கும் முன்னால் போக மாட்டேன் என்றாள், கோடாகிப்போன கண்ணுக்குள்ளிருந்து அத்தனை பேரையும் முறைத்தாள். வடிவு அவளை வாரி எடுத்தாள். டாக்டர் உட்கார்ந்த இடத்திலிருந்தே கையை நீட்டி பாட்டிலைக் கம்பியிலிருந்து கழற்றித் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார். வடிவு ஓடினாள், வராந்தாவின் கோடி வரைக்கும் ஓடினாள், பெஞ்சும் பின்னாலேயே ஓடியது, பெஞ்சின்மேல் பாத்திமுத்து, ரிஸ்வான், ஜெகவீரன், கைக்குழந்தை, கிழவர், பேரன், பேர் தெரியாத தாய்கள், முதல் நுனியில் ஒரு கையால் பலகையையும் ஒரு கையால் பாட்டிலையும் பிடித்தபடி டாக்டர் சந்தானகோபால், எல்லாருக்கும் பின்னால் பாத்திரத்தோடு, அளக்கணும், அளக்கணும் என்று கத்திக்கொண்டே நர்ஸ்.

கழிப்பறை வாசலில் எல்லாம் நின்றது. நர்ஸ் பாத்திரத்தை உள்ளே தள்ளினாள். குழாய் அவ்வளவு நீளம் வராது என்பதால் கதவைச் சாத்த முடியவில்லை. உள்ளேயிருந்து உத்ரா, ஒரு வாரமாக யாரும் கேட்டிராத குரலில், "எல்லாரும் அங்கிட்டுத் திரும்புங்க!" என்று கத்தினாள்.

எல்லாரும் திரும்பினார்கள். டாக்டரும் பாட்டிலைத் தூக்கிப் பிடித்தபடியே சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தார். வராந்தாவில் ஒரு குழந்தைகூடச் சிணுங்கவில்லை. முதலில் கொஞ்சமாகக் கேட்டது, நின்றது, வடிவு மகளின் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டாள், பிறகு மறுபடி தொடங்கியது, அப்புறம் நிற்காமல் கேட்டுக்கொண்டே இருந்தது.